வடக்கே லேபர், தெற்கே கன்சர்வேட்டிவ்: பிரிட்டன் தேர்தல் வரைபடத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: பிரிட்டனில் வடக்கு லேபருக்கு (தொழிலாளர் கட்சி), தெற்கு கன்சர்வேட்டிவுக்கு (பழமைவாதக் கட்சி) என்று காலங்காலமாகச் சொல்கிறார்களே, அது உண்மையா? உண்மை என்றால் 2024 ஜூலையில் 34 சதவீதம்கூட வாங்காத லேபர் நாடாளுமன்றத்தின் 650 இடங்களில் 411 இடங்களைப் பிடித்தது எப்படி?

இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் முதல் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டால் இரண்டாவதற்குப் பதில் தானாக வந்துவிடும். பிரிட்டனில் ஒரே நாளில் ஏழெட்டு வேறு வேறு தேர்தல்கள் நடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்ஹமில் யாருக்கும் யாருக்கும் போட்டியோ, அதே போட்டி சர்ரேயில் கிடையாது, கிளாஸ்கோவில் கிடையாது, பெல்ஃபாஸ்ட்டில் கிடையவே கிடையாது. மொத்த சதவீதம் என்பது இவை எல்லாவற்றையும் கூட்டி வகுத்த ஓர் எண், அவ்வளவுதான். அதை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது.

தேர்தல் முறை இந்தியாவில் உள்ளதுதான். இந்தியாவுக்கு வந்ததே அங்கிருந்துதான். தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் எம்.பி., இரண்டாவது வந்தவருக்கு ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட முறையில் எத்தனை ஓட்டு என்பதைவிட அந்த ஓட்டு எங்கே விழுந்தது என்பதுதான் பெரிது. 1983-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்கரெட் தாட்சர் பெரிய வெற்றி பெற்ற அந்தத் தேர்தலில் லேபர் 27.6 சதவீதம் வாங்கி 209 இடம் பெற்றது. லிபரல் கட்சியும் லேபரிலிருந்து பிரிந்த எஸ்.டி.பி.யும் சேர்ந்த கூட்டணி 25.4 சதவீதம் வாங்கி வெறும் 23 இடத்தோடு நின்றது. லேபரின் ஓட்டு சுரங்க ஊர்களிலும் துறைமுகங்களிலும் ஆலை நகரங்களிலும் குவிந்திருந்தது. கூட்டணியின் ஓட்டோ நாடு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருந்ததால் தொகுதிக்குத் தொகுதி இரண்டாம் இடமே கிடைத்தது. 2015-இல் இதைவிட மோசம்: நைஜல் ஃபராஜ் தலைமையிலிருந்த, ஐரோப்பிய யூனியனை விட்டு விலகக் கோரிய யூகிப் கட்சிக்கு 38 லட்சத்துக்கும் மேல் ஓட்டு, ஒரே ஓர் இடம். ஸ்காட்லாந்தில் மட்டும் நிற்கும், அதன் சுதந்திரத்தைக் கோரும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியான எஸ்.என்.பி.க்கு சுமார் 14.5 லட்சம் ஓட்டு, 56 இடம். ஆகவே வட்டாரம் என்பது பிரிட்டன் அரசியலில் ஓரத்து விஷயம் கிடையாது, ஒரு கட்சி பிழைப்பதும் சாவதும் அதில்தான்.

சரி, வடக்கு ஏன் லேபர்? நிலக்கரி, எஃகு, கப்பல் கட்டுதல், பருத்தி ஆலை. டர்ஹம், தெற்கு யார்க்‌ஷர், லங்காஷர், அதோடு தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகள், இங்கெல்லாம் தொழிற்சங்கம்தான் ஊரின் முதுகெலும்பாக இருந்தது, லேபர் கட்சியே 1900-இல் தொழிற்சங்கங்களும் சோஷலிச அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கியதுதான். அந்த ஆண்டே கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவரான கீர் ஹார்டி வேல்ஸின் மெர்த்தர் டிட்ஃபிலில் ஜெயித்தார். அப்பா சுரங்கத்தில், மகன் சுரங்கத்தில், மாலையில் இருவரும் போய் உட்காரும் கிளப்பும் சங்கத்துடையது என்ற ஊரில் யாருக்கு ஓட்டு என்று தனியாக யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை. 1984–85 சுரங்க வேலைநிறுத்தம் தோற்று, அடுத்த பத்து ஆண்டுகளில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது கன்சர்வேட்டிவ் என்ற பெயரே அந்த ஊர்களில் கசந்துபோனது.

ஆனால் வடக்கு எப்போதும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. லிவர்பூலைப் பாருங்கள். இன்று நாட்டிலேயே லேபருக்கு மிக உறுதியான நகரம் அது. 2017-இல் வால்டன் தொகுதியில் லேபருக்கு 85 சதவீதத்துக்கும் மேல். அதே லிவர்பூல் 1960-கள் வரை கன்சர்வேட்டிவ்களுக்குச் சாதகமான நகரம், ஏனென்றால் அங்கே பிரிவினை வர்க்கத்தால் மட்டும் அமையவில்லை, ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கு எதிராக நின்ற புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் கன்சர்வேட்டிவுக்குப் போட்டார்கள். அந்த மதப்பகை தணிந்ததும் அந்த ஓட்டும் கரைந்தது. நகரத்தில் கடைசியாக கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் தேர்வானது 1979-இல். அப்புறம் துறைமுகத்தின் வீழ்ச்சி, 1989 ஹில்ஸ்பரோ மைதானத்தில் 97 லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கி இறந்தது, அவர்கள் மீதே பழிபோட்டுச் செய்தி வெளியிட்ட சன் பத்திரிகையை நகரமே புறக்கணித்தது. நாற்பது ஆண்டுகளில் ஒரு நகரத்தின் அரசியல் தலைகீழாகிவிட்டது. வட்டார வழக்கம் என்று நாம் சொல்வதற்குப் பின்னால் எப்போதும் இப்படி ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் போனால் வழக்கமும் போகும்.

2019-இல் நடந்தது அதுதான். செஞ்சுவர் (சிவப்பு லேபரின் நிறம்) என்று பத்திரிகைகள் எழுதினவே, வட இங்கிலாந்திலும் நடு இங்கிலாந்தான மிட்லாண்ட்ஸிலும் லேபர் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த தொகுதிகள், அவை வரிசையாக கன்சர்வேட்டிவ் கைக்குப் போயின. முன்னாள் சுரங்கத் தொழிலாளி டென்னிஸ் ஸ்கின்னர் 1970-லிருந்து வைத்திருந்த போல்சோவர், முன்னாள் லேபர் பிரதமர் டோனி பிளேரின் பழைய தொகுதி செட்ஜ்ஃபீல்ட், பிளித் வேலி, லீ, ஸ்டோக்-ஆன்-ட்ரென்டின் மூன்று தொகுதிகளில் 2017-இல் போன ஒன்று தவிர மிஞ்சிய இரண்டுமே. லேபர் 202 இடங்களுக்கு இறங்கியது, 1935-க்குப் பிறகு அவ்வளவு குறைவாக அது பெற்றதில்லை. ஐரோப்பிய யூனியனை விட்டு விலகும் பிரெக்ஸிட்தான் காரணம், அன்றைய லேபர் தலைவர் ஜெரமி கோர்பின்தான் காரணம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டும் உண்மை, ஆனால் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. சுரங்கம் மூடி ஒரு தலைமுறை ஓடிவிட்டது. பிள்ளைகள் படிக்க மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் நியூகாஸிலுக்கும் போனார்கள், பலர் திரும்பவில்லை. ஊரில் மிஞ்சியவர்களின் சராசரி வயது ஏறியது, அவர்களில் பலர் கடன் அடைத்த சொந்த வீட்டுக்காரர்கள், சங்கத்தோடு தொடர்பில்லாதவர்கள். பிரிட்டனில் இன்று ஒருவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று ஊகிக்க வேண்டுமானால் அவர் தொழிலைக் கேட்பதைவிட வயதைக் கேட்பது உதவும், இரண்டாவதாகப் பட்டப்படிப்பு உண்டா என்று கேட்கலாம். அந்தக் கணக்கில் இந்த ஊர்கள் 2019-க்கு வெகு முன்பே மாறத் தொடங்கிவிட்டன, மான்ஸ்ஃபீல்ட் 2017-இலேயே போய்விட்டது.

ஸ்காட்லாந்து முற்றிலும் வேறு கதை, இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1955-இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் அன்றைய ஸ்காட்டிஷ் வடிவமான யூனியனிஸ்ட்கள் அங்கே பாதிக்கும் மேற்பட்ட ஓட்டு வாங்கினார்கள் என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். 1997-இல் ஸ்காட்லாந்தில் அவர்களுக்குப் பூஜ்யம் இடம். பழைய தொழில்கள் அழிந்தது, தாட்சர் காலத்து உள்ளூர் வரியை ஸ்காட்லாந்தில் ஓராண்டு முன்னதாகவே கொண்டுவந்தது எல்லாம் சேர்ந்து அந்தக் கட்சி ஓர் அந்நியக் கட்சி என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டன. அந்த இடத்தை லேபர் நிரப்பியது. 2010-இல்கூட 59-இல் 41 லேபருக்கு. பிறகு 2014 செப்டம்பரில் சுதந்திர வாக்கெடுப்பு. 55-க்கு 45 என்று சுதந்திரம் தோற்றது, ஆனால் தோற்ற அந்த 45 சதவீதம் பேர் மொத்தமாக எஸ்.என்.பி.யிடம் போனார்கள், கிளாஸ்கோவின் லேபர் வீடுகள் உட்பட. எதிர்ப்பக்கத்து 55 சதவீதமோ மூன்று கட்சிகளாகப் பிரிந்து நின்றது. எட்டே மாதத்தில், 2015 மே மாதம், எஸ்.என்.பி. சரியாகப் பாதி ஓட்டு வாங்கி 59-இல் 56 இடங்களை அள்ளியது. லேபருக்கு ஒன்று.

2024-இல் அதே கத்தி மறுபக்கம் வெட்டியது. எஸ்.என்.பி. 30 சதவீதம், லேபர் 35 சதவீதம், ஐந்து புள்ளி வித்தியாசம். இடங்களோ 9-க்கு 37. கிளாஸ்கோவின் ஆறும் லேபருக்கு. எஸ்.என்.பி.க்கு மிஞ்சியவை பெரும்பாலும் அபர்டீன், டண்டீ, பெர்த் என்று வடகிழக்குப் பக்கம். கன்சர்வேட்டிவ் ஐந்து இடத்தைக் காப்பாற்றியது, இங்கிலாந்து எல்லையோர விவசாயப் பகுதியில் மூன்று, வடகிழக்கில் இரண்டு. ஆர்க்னி, ஷெட்லாண்ட் தீவுகள் மட்டும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் 1950-லிருந்து லிபரல் பக்கமே நிற்கின்றன.

வேல்ஸில் 1922-லிருந்து ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் லேபர்தான் முதலிடம். நூறு ஆண்டு. உலகத்தில் இதற்கு இணையாக ஒரு கட்சி ஒரு நிலப்பரப்பை வைத்திருந்ததாகச் சொல்வது கஷ்டம். மேற்கே வெல்ஷ் மொழி பேசும் பகுதி, அங்கே ப்ளைட் கம்ரி என்ற வெல்ஷ் தேசியக் கட்சி. வேல்ஸ் முழுவதும் சேர்த்து 15 சதவீதம் போலத்தான், ஆனால் மொழி வாழும் இடத்தில் குவிந்திருப்பதால் 2024-இல் நான்கு இடம். அதே தேர்தலில் வேல்ஸில் கன்சர்வேட்டிவ் 18 சதவீதம் வாங்கியது, ஃபராஜின் இன்றைய கட்சியான ரிஃபார்ம் 17 சதவீதம் வாங்கியது, இருவருக்கும் ஓர் இடம்கூட இல்லை. நான் மேலே சொன்ன குவிதல் விஷயத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டாம்.

இனி தெற்கு. லண்டனைச் சுற்றியுள்ள சர்ரே, பக்கிங்ஹாம்‌ஷர், ஆக்ஸ்ஃபர்ட்‌ஷர், ஹாம்ப்‌ஷர், இந்த வளமான ஊர்கள் கன்சர்வேட்டிவின் வீடு என்பது பல தலைமுறைக்கு உண்மை. அங்கே பெரும்பாலான இடங்களில் லேபர் போட்டியே கிடையாது, இரண்டாம் கட்சி லிபரல் டெமாக்ரட், சுருக்கமாக லிப் டெம். இந்த வாக்காளர்கள் படித்தவர்கள், லண்டனுக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள், 2016-இல் ஐரோப்பிய யூனியனில் இருக்கவே பலர் வாக்களித்தார்கள். பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனின் கொரோனா ஊரடங்கு கால விருந்துகளும் அவருக்குப் பின் வந்த லிஸ் ட்ரஸ்ஸின் 49 நாள் ஆட்சியில் ஏறிய வீட்டுக்கடன் வட்டியும் அவர்களை வெறுக்கச் செய்தன. லேபருக்குப் போட மனமில்லாதவர்களுக்கு லிப் டெம் வசதியான வழி, லேபர் ஆதரவாளர்களும் தங்கள் கட்சி அங்கே ஜெயிக்காது என்று தெரிந்து லிப் டெமுக்கே போட்டார்கள். விளைவைப் பாருங்கள்: 2019-இல் 11.6 சதவீதம், 11 இடம், 2024-இல் 12.2 சதவீதம், 72 இடம். ஓட்டு ஏறக்குறைய அதே, இடம் ஆறு மடங்குக்கும் மேல்.

பிரதமர்களின் தொகுதிகளை வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். டேவிட் கேமரனின் விட்னி, தெரசா மேயின் மெய்டன்ஹெட், ஜான்சன் முதலில் எம்.பி.யாக இருந்த ஹென்லி, மூன்றும் லிப் டெமுக்குப் போயின. ஜான்சனின் பிந்தைய தொகுதி அக்ஸ்பிரிட்ஜ் லேபருக்கு. கிழக்கே தென்மேற்கு நார்ஃபோக்கில் ட்ரஸ் தானே நின்று 630 ஓட்டில் லேபரிடம் தோற்றார். 2010-க்குப் பின் வந்த ஐந்து கன்சர்வேட்டிவ் பிரதமர்களில் ரிஷி சுனக்கின் தொகுதி மட்டும்தான் கட்சியிடம் மிஞ்சியது, அது இருப்பது வடக்கு யார்க்‌ஷரில்! வடக்கு லேபருக்கு, தெற்கு கன்சர்வேட்டிவுக்கு என்ற வாய்ப்பாடு எவ்வளவு தூரம் உதவும் என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம். வடக்கிலும் கிராமமும் பண்ணையும் உள்ள பகுதி வேறு, சுரங்கப் பகுதி வேறு.

தென்மேற்கில், கார்ன்வால், டெவன் பக்கம், மெதடிஸ்ட் சபைகள் வேரூன்றிய காலத்திலிருந்தே ஒரு லிபரல் மரபு உண்டு. 2005-இல் கார்ன்வாலின் ஐந்து தொகுதிகளும் லிப் டெமுக்கே. ஆனால் 2010-இல் அவர்கள் கேமரனோடு கூட்டணி ஆட்சிக்குப் போய், பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்ற வாக்கை மீறியதும், 2015-இல் தென்மேற்கில் இருந்த 15 இடங்களும் ஒரே இரவில் போயின. 2024-இல் கார்ன்வாலில் லேபர் நான்கு, லிப் டெம் இரண்டு, கன்சர்வேட்டிவ் எதுவும் இல்லை.

லண்டன் இப்போது லேபர் நகரம், 2024-இல் 75 இடங்களில் 59. இது பழைய விஷயம் இல்லை. 1987-இல் தாட்சர் லண்டனின் 84 தொகுதிகளில் 58-ஐ வென்றார். வாடகை வீட்டில் இருக்கும் இளையவர்கள், பட்டதாரிகள், குடியேறிய குடும்பங்கள் என்று நகரத்தின் மக்கள்தொகை மாறியதுதான் காரணம். தமிழர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு: கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியில் லேபர் சார்பில் வென்ற உமா குமரன் இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகள். அவர் 2015-இல் நின்று தோற்ற தொகுதி ஹாரோ ஈஸ்ட். அந்த ஹாரோ ஈஸ்ட்டில் இந்து வாக்காளர்கள் அதிகம், 2024-இல் நாடே கன்சர்வேட்டிவைக் கைவிட்டபோது அந்தக் கட்சி பாதிக்கும் மேல் ஓட்டு வாங்கிய ஒரே தொகுதி அதுதான். கன்சர்வேட்டிவ் லேபரிடமிருந்து பறித்த ஒரே தொகுதியான லெஸ்டர் ஈஸ்ட்டிலும் இந்து ஓட்டு கணிசம். பக்கத்து லெஸ்டர் சவுத்திலோ காசா போர் குறித்த கோபத்தில் முஸ்லிம் வாக்காளர்கள் பெருமளவில் விலக, லேபரின் ஜொனாதன் ஆஷ்வொர்த் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். ஆசியர் ஓட்டு லேபருக்கு என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லும் பழக்கத்தை இனி எல்லாரும் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே நகரத்தில் அடுத்தடுத்த தொகுதிகளில் அது எதிரெதிராகப் போகிறது. பிரிஸ்டல் மாதிரிப் பல்கலைக்கழக நகரங்களில் லேபருக்கு வேறு சிக்கல், அங்கே பசுமைக் கட்சி. தகப்பனார் வழியில் தமிழ் வேர் கொண்ட லேபர் வேட்பாளர் தங்கம் டெபோனேர் பிரிஸ்டல் சென்ட்ரலில் அவர்களிடம்தான் தோற்றார்.

கிழக்குக் கடற்கரைதான் ஃபராஜின் இன்றைய ரிஃபார்ம் கட்சியின் பிறப்பிடம் என்று சொல்லலாம். கிளாக்டன், கிரேட் யார்மத், பாஸ்டன் அண்ட் ஸ்கெக்னஸ். ஒரு காலத்தில் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு வந்த கடலோர ஊர்கள், விமானத்தில் ஸ்பெயினுக்குப் போவது மலிவானதும் தேய்ந்துபோனவை. ஓய்வுபெற்ற வெள்ளையர்கள் அதிகம். பாஸ்டனில் காய்கறிப் பண்ணைகளில் வேலை செய்யக் கிழக்கு ஐரோப்பியர்கள் ஏராளமாக வந்தார்கள். 2016-இல் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற வேண்டும் என்று நாட்டிலேயே மிக அதிகமாக, 75 சதவீதத்துக்கும் மேல், வாக்களித்த இடம் அது.

வட அயர்லாந்தைப் பற்றி இரண்டு வரி போதும், அங்கே லேபர் நிற்பதே இல்லை, கன்சர்வேட்டிவ் பெயருக்கு நிற்கும். பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்டா, அயர்லாந்தோடு சேர விரும்பும் தேசியவாதியா என்பதுதான் கேள்வி. 2024-இல் 18 இடங்களில் தேசியவாதக் கட்சியான ஷின் ஃபேனுக்கு ஏழு, அவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் போய் உட்காருவதில்லை.

இப்போது அந்த 34 சதவீதத்துக்கு வரலாம். 2017-இல் கோர்பின் 40 சதவீதம் வாங்கி 262 இடம்தான் பெற்றார், ஏனென்றால் அந்த ஓட்டு ஏற்கெனவே லேபர் ஜெயிக்கும் நகரங்களில் மேலும் மேலும் குவிந்தது. 2024-இல் கீர் ஸ்டார்மர் காலத்து லேபர் தன் பத்திரமான தொகுதிகளில் ஓட்டை இழந்தது, ஸ்டார்மரின் சொந்தத் தொகுதியிலேயே 64 சதவீதம் 49 ஆனது. ஆனால் தேவைப்பட்ட இடத்தில், அதாவது கன்சர்வேட்டிவ் வைத்திருந்த தொகுதிகளில், ஓட்டு ஏறியது. இங்கிலாந்து முழுவதும் சேர்த்துப் பார்த்தால் லேபரின் பங்கு 2019-ஐவிட ஒரு புள்ளிகூட ஏறவில்லை! பெரிய ஏற்றம் ஸ்காட்லாந்தில் மட்டும். மீதி வேலையை எதிராளிகள் செய்தார்கள்: வடக்கிலும் மிட்லாண்ட்ஸிலும் கிழக்கிலும் ரிஃபார்ம் கன்சர்வேட்டிவ் ஓட்டைப் பிளந்தது, தெற்கில் லிப் டெம் தொகுதிகளையே எடுத்துக்கொண்டது. கன்சர்வேட்டிவ் 121-க்குச் சரிந்தது, அந்தக் கட்சியின் வரலாற்றிலேயே மிகக் குறைவு. ரிஃபார்ம் 14 சதவீதம், 41 லட்சம் ஓட்டு, ஐந்து இடம். அதைவிடக் குறைந்த ஓட்டில் லிப் டெமுக்கு 72. இது நியாயமான முறை என்று என்னால் சொல்ல முடியாது. யாருடைய கொள்கை பிடிக்கும் பிடிக்காது என்பது வேறு, 41 லட்சம் பேருக்கு ஐந்து பிரதிநிதிகள் என்பது தவறு.

இப்படிக் கிடைத்த பெரும்பான்மை அகலமானது, ஆழமில்லாதது. 2025 மே மாதமே வடமேற்கில் ரன்கார்ன் இடைத்தேர்தலில் லேபர் ரிஃபார்மிடம் ஆறே ஓட்டில் தோற்றது. அதே நாளில் டர்ஹம் கவுன்டி கவுன்சிலை ரிஃபார்ம் பிடித்தது, சுரங்கத் தொழிலாளர்களின் டர்ஹம். அக்டோபரில் தெற்கு வேல்ஸின் கெர்ஃபிலியில் நடந்த வெல்ஷ் சட்டமன்ற இடைத்தேர்தலில் ப்ளைட் கம்ரி வென்றது, ரிஃபார்ம் இரண்டாவது, நூறு ஆண்டு அங்கே இருந்த லேபர் மூன்றாவது.

அடுத்த பொதுத்தேர்தலைப் பின்தொடர நினைத்தால் ஒரு யோசனை. ஜெயித்தவர்களின் வண்ண வரைபடத்தை விட்டுவிட்டு 2024-இல் இரண்டாவது வந்தவர்களின் பட்டியலை எடுங்கள். ரிஃபார்ம் 98 தொகுதிகளில் இரண்டாவது, அவற்றில் 89 லேபர் வென்றவை, பெரும்பாலும் வட இங்கிலாந்து, மிட்லாண்ட்ஸ், தெற்கு வேல்ஸ். தேர்தல் இரவில் வழக்கமாக முதலில் எண்ணி முடிக்கும் ஊர்களில் சண்டர்லேண்ட் ஒன்று. 2024-இல் முதல் முடிவே ஹொட்டன் அண்ட் சண்டர்லேண்ட் சவுத்தில் இருந்துதான் வந்தது, லேபர் ஜெயித்தது, ரிஃபார்ம் இரண்டாவது, கன்சர்வேட்டிவ் மூன்றாவது. இரவு 11 மணி வாக்கில் அந்த ஒரு முடிவு வந்ததும் லேபருக்கும் ரிஃபார்முக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள், அந்த 89 எந்தப் பக்கம் போகும் என்று பாதி தெரிந்துவிடும்.